சனிக்கிழமைச் சம்பளத்தை விட்டுட்டீங்க

"மன உறுதி இருந்தால் இன்றே குடியை நிறுத்தலாம்" என்று குடியை விடுவது பற்றிய உங்க கட்டுரையில் போட்டிருப்பது ஆபத்துங்க. வருசக்கணக்கில் தினமும் குடிப்பவர் சட்டென்று விட்டால் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றல், இல்லாத பூச்சி ஊர்வதாகத் தெரிவது. காத்துக் கருப்புன்னு மந்திரிக்கக் கூட்டிப் போகாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கணும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி முக்கியம். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கவே கூடாது. அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

பேச்சு ஆலோசனை அதற்குப் பிறகுதான். திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளிக்குச் சனிக்கிழமைச் சம்பளம், சாயங்காலப் பசி, மதுக்கடை இருக்கிற ரோடு, குடிக்கு இழுக்கும் இந்த மூன்றையும் கேட்காத ஆலோசனை வெறும் அறிவுரை. சம்பளம் வீட்டுக்காரம்மா கணக்குக்குப் போகட்டும், வயிற்றுக்கு ஏதாவது போட்டுட்டுக் கிளம்பட்டும், வேறு ரோட்டில் வரட்டும். குடி நின்று நாலு வாரமாகியும் மனச்சோர்வு விடாவிட்டால் அதற்குத் தனி வைத்தியம் வேணும். தற்கொலைப் பேச்சு வந்தால் காத்திருக்காதீங்க, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்க.