கோல் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பையனைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடியில் இருந்து தேங்காப்பட்டணம் வரைக்கும் நம்ம கடற்கரை ஊர்களில் பதினாறு, பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் ஃபுட்பால் நல்லா ஆடுகிறான் என்றால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை கோல் போட்டான்?" எல்லை தாண்டி கேரளத்துப் பொழியூர் போனாலும் இதே கேள்விதான். அகாடமி டிரையல்ஸுக்கு, அதாவது ஆள் எடுக்கும் தேர்வுக்கு, யாரை அனுப்பலாம் என்று ஊர் கிளப் முடிவு செய்வதும் பெரும்பாலும் இந்தக் கணக்கை வைத்துத்தான். செவன்ஸில், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில், போட்ட கோலை வைத்துப் பதினொரு பேர் ஆட்டத்துக்குப் பையனைத் தேர்ந்தெடுப்பது தப்பு. டிரையல்ஸில் போய் நிற்க வேண்டியவன் இதனாலேயே ஊரில் தங்கிவிடுகிறான். எனக்கு இதில் ரொம்ப ஆதங்கம் உண்டு.

செவன்ஸ் கிரவுண்ட் சின்னது. கோலி ஒரு உதை விட்டால் பந்து எதிர் பாக்ஸில். உடம்பு உள்ள பையன் எங்கே இருந்து அடித்தாலும் கோலுக்குப் போகும், பந்தும் அடிக்கொரு தரம் காலுக்கு வந்துகொண்டே இருக்கும். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் உள்ள முழு கிரவுண்டில் கதை வேறு. 90 நிமிடத்தில் ஒருத்தன் காலில் பந்து இருப்பது எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் தேறினால் பெரிது. மிச்ச நேரம் முழுக்க அவன் என்ன செய்கிறான் என்றுதான் தேர்வு செய்கிறவர் பார்க்கிறார். 2017-ல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்புகள் வரிசையாக ஆள் எடுத்த டிராஃப்டில் ஜாம்ஷெட்பூர் அணி முதல் ஆளாக 1.10 கோடி ரூபாய்க்கு எடுத்தது கேரளத்துக் கொண்டோட்டிக்காரர் அனஸ் எடத்தொடிகாவை. அவர் ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவர். கோல் கணக்குப் பார்த்து யாரும் அவரை எடுக்கவில்லை.

அப்போ எப்படிப் பார்ப்பது? முதல் பதினைந்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு அந்த ஒரு பையனை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். கொஞ்சம் உயரமான இடத்தில் நின்றால் நல்லது. பந்து அவனிடம் வருவதற்கு முந்தின பத்து நொடியில் எத்தனை தடவை தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறான் என்று எண்ணுங்கள். மிட்ஃபீல்டில் ஆடுகிறவன் நாலைந்து தடவை பார்த்தால் ஆள் தேறுவான். ஒரு தடவைகூடப் பார்க்காதவன் பந்து வாங்கிய பிறகுதான் யோசிக்கத் தொடங்குவான், அதற்குள் எதிராளி மேலே வந்து விழுந்துவிடுவான்.

கூடவே காலையும் கவனியுங்கள். வலது பேக்கிடம் (வலது ஓரத்தில் நின்று தடுக்கிறவனிடம்) இருந்து பந்து வருகிறது, பையன் நடுவில் நிற்கிறான் என்று வையுங்கள். நல்ல பையன் பந்து வரும்போதே இடுப்பைப் பாதி திறந்து, தூரத்துக் காலால், அதாவது இடது காலால், வாங்குவான். அந்த ஒரே தொடுதலில் முகம் எதிர் கோலைப் பார்த்துவிடும். சாதாரணப் பையன் பந்துக்கு நேராக நின்று கிட்டக் காலால் நிறுத்துவான், திரும்ப இன்னும் இரண்டு தொடுதல் வேண்டும். அந்த ஒரு நொடி வித்தியாசம் எந்த கோல் கணக்கிலும் ஏறாது.

நம்ம கடப்புறத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. மணலில் பந்து உருளாது, அதனால் விரலைப் பந்துக்கு அடியில் விட்டுத் தூக்கிப் பழகுகிறார்கள். தூக்கிப் போடுவது, நெஞ்சில் வாங்குவது, காற்றில் அடிப்பது எல்லாம் பிரமாதமாக இருக்கும், கெண்டைக்காலும் உறுதி. ஆனால் புல்லிலோ டர்ஃபிலோ (செயற்கைப் புல்) விட்டால் தரையோடு இருபது மீட்டர் பாஸ் தூக்கிக்கொண்டு போகும், முதல் தொடுதலும் முழங்கால் உயரத்துக்கு எழும்பும். இது திறமைக் குறைவு இல்லை, தரை மாறியதன் விளைவு. ஊன்றும் காலைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்து, கணுக்காலை இறுக்கி, உள்காலால் நடுப்பந்தில் தட்ட வேண்டும். டிரையல்ஸுக்கு முன்னால் ஆறேழு வாரம் கெட்டித் தரையில் இதைச் செய்யாமல் பையனை அனுப்பாதீர்கள்.

அடுத்தது, பந்தைப் பறிகொடுத்ததும் வரும் ஐந்து நொடி. கையை விரித்து ரெஃப்ரியைப் பார்க்கிறானா, கூட ஆடுகிறவனைத் திட்டுகிறானா, திரும்பி ஓடுகிறானா? எழுபதாவது நிமிடத்துக்கு மேல் இதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் விங்கராக, ஓரத்தில் ஏறித் தாக்குகிறவராக, பேர் வாங்கியவர். 2019-20-ல் ஐஎஸ்எல் கோப்பை வென்ற கொல்கத்தா ஏடிகே அணியில் கோச் ஹபாஸ் அவரை இடது விங்-பேக்காக, ஓரத்தில் தாக்கவும் தடுக்கவும் வேண்டிய இடத்தில், ஆட வைத்தார். மேலே போன ஒவ்வொரு தடவையும் திரும்பி வரத் தெரிந்தவனுக்குத்தான் அந்த இடம். இடது கால் பையன் உங்கள் ஊரில் இருந்தால் இரண்டு ஆட்டம் இடது பேக்கில் போட்டுப் பாருங்கள். இடது பேக்குக்கு எல்லா கிளப்பிலும் தட்டுப்பாடுதான்.

உடம்பு விஷயத்தில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். வயசுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்து. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணிக்குப் போட்டி போடுகிறார்கள், நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி. கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்களின் பிறந்த மாதங்களை 1985-லேயே பார்ன்ஸ்லி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எடுத்துக் காட்டினார்கள்: மேல்மட்டத்தில் வருட முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருந்தார்கள். சின்ன வயசில் பெரியவனாகத் தெரிந்தவனுக்கு நல்ல கோச்சும் கூடுதல் ஆட்டமும் கிடைத்துவிடுகிறது. அதனால் பிறந்த மாதத்தைக் கேட்காமல் எந்தப் பையனையும் எடை போடாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, காலையில், வெறுங்காலோடு, ஒரே சுவரில் உயரம் குறியுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் பையன் வேகமாக வளர்கிறான் என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் நேற்று வந்த டிரிப்ளிங் இன்று வராது, கால் தட்டும். முழங்கால் சிப்பிக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய் போட்டு உருவிவிட்டு மறுநாள் ஆட வைப்பது கொடுமை. எவ்வளவு வளர்வான் என்று தோராயமாகத் தெரிய அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, 13 சென்டிமீட்டர் சேர்த்து, இரண்டால் வகுங்கள். எட்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். வயசைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கும் வேலை மட்டும் வேண்டாம். மணிக்கட்டு எலும்பு காட்டிக்கொடுத்துவிடும். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஃபிஃபா 2009-லேயே மணிக்கட்டு எம்ஆர்ஐ கொண்டுவந்துவிட்டது.

ஸ்டாமினாவுக்கு யோ-யோ டெஸ்ட் போதும். 20 மீட்டர் போய் வந்து, பத்து நொடி ஓய்வு, பீப் சத்தம் போகப் போக வேகமாகும். மணலில் வைக்காதீர்கள், அந்தக் கணக்கை எதோடும் ஒப்பிட முடியாது. டெஸ்ட் முடிந்த கையோடு நாலுக்கு இரண்டு பாஸிங் (நாலு பேர் பாஸ் செய்ய, இரண்டு பேர் பறிக்கப் பார்ப்பது) வைத்துப் பாருங்கள். மூச்சு வாங்கும்போது தொடுதல் எப்படி இருக்கிறதோ அதுதான் அவனுடைய உண்மையான தொடுதல்.

டிரையல்ஸில் ஒவ்வொரு பையனுக்கும் கிடைப்பது இருபது நிமிடமோ என்னவோ. முன்பின் தெரியாத பையன்கள், யாரும் பாஸ் தரமாட்டார்கள். அங்கே ஐந்து பேரை ஏமாற்றப் பார்க்கிறவன் தொலைந்தான். கேட்டு வாங்கி, இரண்டு தொடுதலில் விட்டு, இடம் மாறி நிற்கிறவன் கண்ணில் படுவான். புது பூட்டை அன்றைக்குப் போட்டால் குதிகால் பொக்களித்துவிடும், மூன்று வாரம் முன்பே பழக்குங்கள். டர்ஃபுக்கு பூட்டின் அடியில் நீளக் குமிழ் (ஸ்டட்) வேண்டாம், சிக்கிக்கொண்டால் முழங்கால் திருகும். வீடியோ அனுப்பச் சொன்னால் கோல்களை மட்டும் வெட்டி ஒட்டாமல், பள்ளிக்கூட மாடியில் இருந்து போனைக் குறுக்காகப் பிடித்து ஒரு முழு ஆட்டத்தை எடுங்கள். ஜெர்சி எண்ணை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் காகிதம். எல்லைப் பிள்ளைகளில் பல பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் நெய்யாற்றின்கரையிலோ திருவனந்தபுரத்திலோ வாங்கியது, பள்ளிச் சான்றிதழ் இந்தப் பக்கம். இனிஷியலும் பேர் எழுத்தும் ஒத்துப்போகாது. பதிவு நேரத்தில் பையன் அங்கேதான் மாட்டுவான். இப்போதே சரி செய்யுங்கள். ஒரே நேரத்தில் ஒரு கிளப்பில்தான் பதிவு இருக்க முடியும் என்பதால், எந்தத் தாளிலும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 18 வயது ஆகாதவனுக்கு ஃபிஃபா விதிப்படி மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் கிடையாது. "செலக்ஷன் ஆக்கித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்று வருகிறவரிடம் எந்தக் கிளப், எந்தத் தேதி, யார் கோச் என்று எழுதிக் கேளுங்கள், அந்தக் கிளப்புக்கே நேராகப் போன் போட்டு விசாரியுங்கள்.