ஒரு விளக்கை எரியவைக்க இத்தனை பாடா?

சர்வரில் ஒரு டிரைவ் செத்துப்போனால் அதை மாற்றுவது சில நிமிட வேலை. பழையதை இழு, புதியதைச் செருகு, அவ்வளவுதான். ஆனால் எதை இழுப்பது? 24 டிரைவ் வரிசையாக நிற்கும் பெட்டிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் ஆளுக்கு அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் வேண்டும். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் விளக்கு வைத்திருப்பதே அதற்காகத்தான். அந்த விளக்கை நினைத்தபோது எரியவைக்கவும் அணைக்கவும் இன்றுவரை ஒழுங்கான வழி இல்லை என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்பவர்கள், பல டிரைவ்களை ஒரே தொகுப்பாக, அதாவது அரேயாக, ஓட்டும் ரெய்டு 5 என்ற முறையை நினைத்துப் பாருங்கள். அது ஒரு டிரைவ் போனால் தாங்கும், இரண்டாவது போனால் தாங்காது. ஒன்று ஏற்கெனவே செத்துக் கிடக்கும்போது, பக்கத்து ஸ்லாட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவை இழுத்துவிட்டால் அந்த நொடியே மொத்த அரேயும் நின்றுபோகும். உடனே திருப்பிச் செருகினாலும் பழையபடி எழுந்துவரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு டிரைவ் போனாலும் தாங்கும் ரெய்டு 6 என்றால் கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு, அதையும் இப்படி வீணாக்கிவிடலாம். அப்புறம் விசாரணை நடக்கும், அறிக்கையில் 'மனிதத் தவறு' என்று எழுதுவார்கள். இழுத்தவர் பெயர்தான் கெடும். விளக்கை எரியவிடாத ஃபர்ம்வேரை, அதாவது பெட்டிக்குள்ளேயே ஓடும் நிரலை, எழுதியவர் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. இந்த அநியாயத்தைப் பார்த்துப் பார்த்து வந்த கோபம்தான் இது.

முதல் கொடுமை, விளக்குக்குப் போகும் பாதை ஒவ்வொரு பெட்டியிலும் வேறு வேறு. ஒரே இணைப்பைப் பல டிரைவ்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் எக்ஸ்பாண்டர் சில்லு உள்ள எஸ்ஏஎஸ் (சர்வர் டிரைவ்களுக்கான ஓர் இணைப்பு வகை) பெட்டி என்றால் எஸ்இஎஸ் என்ற நெறிமுறை. நேரடியாகக் கேபிள் போகும் சாதாரண பேக்ப்ளேன் (டிரைவ்கள் செருகும் பின்பலகை) என்றால் எஸ்ஜிபிஐஓ என்ற நாலு கம்பி விவகாரம். என்விஎம்இ என்ற வேகமான புதுவகை டிரைவ்கள் வந்தபோதாவது எல்லாம் ஒன்றாகிவிடும் என்று நம்பினோம். நடக்கவில்லை: இன்டெல் செயலிகளில் உள்ள விஎம்டி வழியாக ஒன்று, என்விஎம்இ டிரைவ்கள் இணையும் பிசிஐஇ தரத்திலேயே உள்ள என்பிஇஎம் வழியாக ஒன்று, சர்வரைத் துவக்கும் பயாஸ் நிரல் தரும் ஏசிபிஐ வழி இன்னொன்று, யூபிஎம் என்று பேக்ப்ளேனுக்குத் தனியாக வேறொன்று. என்பிஇஎம்-ஐ இயக்கும் நிரல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் வந்ததே 2024-ல்தான். அதுவரை என்விஎம்இ டிரைவ்களை ரேக் ரேக்காக வாங்கிக் குவித்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யாராவது யோசித்தார்களா? பயாஸில் விஎம்டி அணைந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். சர்வரை ரீபூட் செய்து அதை இயக்கலாமே என்பார்கள். ஒரு விளக்குக்காக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்த யார் அனுமதி தருவார்கள்?

எஸ்ஜிபிஐஓ பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு டிரைவுக்கும் மூன்று பிட் அனுப்புவார்கள்: இயக்கம், இடம்காட்டல், பழுது. அந்த பிட்கள் போவது டேட்டா கம்பிகளோடு சேர்ந்து வரும் சைடுபேண்ட் கம்பிகளில். சில கேபிள்களில் அது தனி முனையாகத் தொங்கும். பெட்டியின் பாகங்களைப் பொருத்தியவர் அதைச் செருக மறந்திருந்தால் டிரைவ்கள் எல்லாம் அருமையாக ஓடும், விளக்கு மட்டும் வராது. எந்த எச்சரிக்கையும் இருக்காது. முதல் டிரைவ் சாகும்வரை இது யாருக்கும் தெரியவே தெரியாது.

அதைவிட என்னைக் கொதிக்கவைப்பது, கட்டளை வெற்றி என்று சொல்லிவிட்டு விளக்கு எரியாமல் இருப்பது. லினக்ஸில் இந்த விளக்குகளை இயக்கும் லெட்சிடிஎல் கட்டளையைக் கொடுத்தால் சத்தமில்லாமல் திரும்பிவரும், பிழை எதுவும் இல்லை. பெட்டிக்கு முன்னால் நிற்பவரிடம் போனில் கேட்டால் ஒன்றும் எரியவில்லை என்பார். எஸ்ஜிபிஐஓ-வில் பேக்ப்ளேனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள நடைமுறையில் வழி கிடையாது. எஸ்இஎஸ் பரவாயில்லை, நிலையைத் திரும்பப் படிக்கலாம். எஸ்ஜி-செஸ் கட்டளையால் அந்த ஸ்லாட்டைப் படித்தால் ஐடென்ட், அதாவது இடம்காட்டல், பிட் 1 என்று வரும். ஆனால் அந்த 1 கூட பெட்டியின் ஃபர்ம்வேர் சொல்லும் வாக்குமூலம்தான், விளக்கைப் பார்த்துச் சொன்ன சாட்சி கிடையாது. பிட்டை வாங்கி நினைவில் வைத்துக்கொண்டு விளக்கைத் தொடாமல் விடும் பெட்டிகளோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு தயாரிப்பாளரிடம் புகார் செய்தபோது, ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள் என்றார்கள். புதுப்பித்தோம். விளக்கு எரிந்தது, பக்கத்து ஸ்லாட்டில்!

சரி, எரியாத விளக்கைவிட ஆபத்தானது தப்பான இடத்தில் எரியும் விளக்கு. ஒரு மென்பொருள் ஸ்லாட்டுகளை 0-லிருந்து எண்ணும், பெட்டியின் முகப்பில் 1-லிருந்து அச்சடித்திருப்பார்கள், எக்ஸ்பாண்டர் தனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கும். எஸ்இஎஸ்-இல் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் பெயர் எழுதிவைக்க இடம் இருக்கிறது. அதில் முகப்பில் உள்ள எண்ணையே எழுதிவைத்தால் பாதிக் குழப்பம் தீரும். பல பெட்டிகளில் அது வெறுமையாகக் கிடக்கும், அல்லது எல்லா ஸ்லாட்டுக்கும் ஒரே சொல்லை நிரப்பியிருப்பார்கள். தொழிற்சாலையில் ஒருமுறை செய்து முடிக்க வேண்டிய வேலையைக்கூடச் செய்யாமல் பெட்டியை அனுப்பிவைக்கிறார்கள்.

இப்போது உச்சக்கட்டத்துக்கு வருகிறேன். விளக்கு தேவைப்படுவது எப்போது? டிரைவ் செத்த பிறகு. டிரைவ் செத்தால் என்ன ஆகும்? பல சமயம் இயங்குதளத்தின் பட்டியலிலிருந்தே அது காணாமல் போகும். ஆனால் விளக்கை எரியவைக்கும் கட்டளைகளில் பல, எந்த டிரைவ் என்று கேட்டு அதே பட்டியலில் உள்ள பெயரைத்தான் எதிர்பார்க்கின்றன. இல்லாத டிரைவுக்கு எந்தப் பெயரைக் கொடுப்பது? உயிரோடு இருக்கும் டிரைவைக் காட்ட ஆயிரம் வழி வைத்துவிட்டு, செத்ததைக் காட்ட வழியில்லாமல் ஒரு கருவியை எழுதியவர்கள், அதை யார், எந்த நேரத்தில் பயன்படுத்துவார்கள் என்று ஒரு நிமிடமாவது நினைத்திருப்பார்களா? ஸ்லாட் எண்ணை வைத்துக் கேட்கும் வசதி லெட்சிடிஎல்-இல் பிற்பாடு வந்தது. நல்லது, நன்றி. ஆனால் டிரைவ்களை இயக்கும் எல்லா வகைக் கண்ட்ரோலருக்கும் அது இல்லை. நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் ஓடும் சர்வர்களில் பழைய லெட்சிடிஎல்-தான் இன்னும் இருக்கிறது.

சீரியல் நம்பரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். அந்த நம்பர் ஒட்டியிருப்பது டிரைவின் மேல்புறத்தில். இழுத்த பிறகுதான் தெரியும். இழுக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்கத்தான் அந்த நம்பரே வேண்டும்! மேலிருந்து திறக்கும் 60, 84 டிரைவ் பெட்டிகளில் நிலைமை இன்னும் மோசம். மூடியைத் திறந்தால் காற்றோட்டம் குலையும், சில நிமிடங்களுக்குள் மூடிவிடு என்று கையேடு மிரட்டும். அந்த அவசரத்தில், மின்விசிறி இரைச்சலில், எந்த விளக்கு எந்த டிரைவுடையது என்று குனிந்து தேடும் ஆளை நினைத்துப் பாருங்கள்.

லெட்சிடிஎல்-இல் இன்னொரு விஷயம், தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு டிரைவுக்கு மட்டும் லொக்கேட், அதாவது இடம்காட்டும் விளக்கு, போடு என்று சொன்னால், வழக்கமான முறையில் அது நீங்கள் சொல்லாத மற்ற டிரைவ்களின் விளக்கையும் தொடும். சொன்னதை மட்டும் தொடு என்பதற்குத் தனியாக ஒரு தெரிவு கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இன்னொரு ஸ்லாட்டில் பழுது விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது அணைந்துபோகலாம் என்று அர்த்தம். ஆபத்தானதை இயல்பாகவும் பாதுகாப்பானதைக் கேட்டு வாங்குவதாகவும் வைத்திருக்கிறார்கள். இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

ஒரே விளக்குக்கு எத்தனை எஜமானர்கள் என்பது தனிக் கதை. ரெய்டு கண்ட்ரோலர் ஒரு பக்கம், டிரைவ்களின் நிலையைப் பார்த்து விளக்கை மாற்றியபடி பின்னணியில் ஓடும் லெட்மான் ஒரு பக்கம், இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் இசட்இடி நிரல் ஒரு பக்கம், இவற்றோடு நாம் கையால் கொடுக்கும் கட்டளை. நாம் ஏற்றிய விளக்கை அடுத்த சுற்றில் வேறொன்று அணைத்துவிடும். போன மாதம் யாரோ ஏற்றிவிட்டு மறந்த லொக்கேட் விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருக்கும், இன்று நீங்கள் இன்னொன்றை ஏற்றினால் இரண்டு சிமிட்டும். எது இன்றையது?

நிறமும் சிமிட்டலும்கூட உருப்படியாக இல்லை. ஐபிபிஐ என்று ஒரு தரம் இருக்கிறது: இடம்காட்ட நொடிக்கு நாலு முறை, புது டிரைவில் தரவை மீண்டும் கட்டும் ரீபில்டுக்கு நொடிக்கு ஒரு முறை, பழுது என்றால் விடாமல் எரியும். காகிதத்தில் அழகு. ஆனால் ஒரு தயாரிப்பாளர் இடம்காட்ட நீலம் வைக்கிறார், இன்னொருவர் பழுதுக்கு வைத்த ஆரஞ்சையே சிமிட்டவிடுகிறார். பச்சையையும் ஆரஞ்சையும் பிரித்துப் பார்க்க முடியாத கண்கள் ஆண்களில் கணிசமானவர்களுக்கு உண்டு. அவர்களும் டேட்டா சென்டரில் வேலை செய்கிறார்கள். அவர்களை யாரும் கணக்கில் எடுத்ததாகவே தெரியவில்லை.

இதனால்தான் களத்தில் இருப்பவர்கள் குறுக்குவழிகளில் காலம் தள்ளுகிறார்கள். செத்த டிரைவைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் டிடி என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு படிக்கவிட்டு, எந்த விளக்கு அசையாமல் கிடக்கிறது என்று பார்ப்பார்கள். ஏற்கெனவே தள்ளாடும் அரேயின் மேல் இன்னும் சுமை ஏற்றும் வேலை அது. அக்கம்பக்கத்து இரண்டு ஸ்லாட்டுகளை ஏற்றி நடுவில் இருப்பதை இழுப்பார்கள். பெட்டியை நிறுவும்போதே ஒவ்வொரு டிரைவின் சீரியல் நம்பரையும் ஸ்லாட் எண்ணையும் குறித்து, டிரேயின் முகப்பில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நானும் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன்தான். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியில், கையால் எழுதி ஒட்டிய காகிதத்தைத்தான் விளக்கைவிட நம்புகிறேன்.

வாங்குகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். புதுப் பெட்டியை ஏற்றுக்கொள்ளும் முன் ஒவ்வொரு ஸ்லாட்டின் லொக்கேட் விளக்கையும் ஏற்றி, கண்ணால் பார்த்து, அணைத்துப் பாருங்கள். ஒரு டிரைவை உருவிவிட்டு, அந்த வெற்று ஸ்லாட்டின் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். எரியவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள், திருப்பி அனுப்புங்கள். வேகமும் கொள்ளளவும் மட்டும் எழுதும் டெண்டரில் இதையும் ஒரு நிபந்தனையாக எழுதுங்கள். பணம் கைமாறுவதற்கு முன் கேட்டால்தான் அவர்கள் காதில் விழும்.

தயாரிக்கிறவர்களே, ஸ்லாட் பெயரை முகப்பில் உள்ளபடி நிரப்புங்கள். விளக்கு எரியவில்லை என்றால் பிழை என்று சொல்லுங்கள். டிரைவ் இல்லாத ஸ்லாட்டுக்கும் விளக்கை ஏற்ற விடுங்கள். இவற்றுக்குப் புதிய தரம் எதுவும் வேண்டாம், எஸ்இஎஸ்-இல் இதற்கெல்லாம் இடம் பல வருடமாக இருக்கிறது. உட்கார்ந்து ஃபர்ம்வேரைச் சரியாக எழுதுங்கள்.