தண்டனையைக் கூட்டினால் போதுமா?

ஆள்கடத்தலுக்குத் தண்டனையைக் கடுமையாக்கச் சொல்கிறது ஒரு கட்டுரை. சட்டம் இல்லாமலா இருக்கிறது? 2000-லேயே ஐ.நா.வின் பலெர்மோ நெறிமுறை (ஆள்கடத்தலைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம்) வந்துவிட்டது. அதில் கடத்தலைக் குற்றமாக்குவது கட்டாயம். மீட்கப்பட்டவருக்குத் தங்குமிடம், மருத்துவம் தருவதோ 'பரிசீலிக்க வேண்டும்' என்பதோடு சரி. ஓட்டை இங்கேதான். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்திருக்க, விசாவும் காலாவதியான நிலையில், கடத்தப்பட்ட பெண் ஒருவர் போலீசிடம் போனால், பல நாடுகளில் முதல் வழக்கு அவர்மீதுதான். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் சாட்சி சொல்ல யார் இருப்பார்? கேஸ் பிசுபிசுத்துப் போகும், ஏஜென்ட் அடுத்த ஆளைப் பிடிப்பான். 2005-இன் ஐரோப்பிய கவுன்சில் உடன்படிக்கை பரவாயில்லை: போலீசுக்கு ஒத்துழைப்பதா என்று பாதிக்கப்பட்டவர் யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது 30 நாள், அதுவரை வெளியேற்றக் கூடாது. (30 நாளில் பயம் தெளியுமா என்பது வேறு விஷயம்.) மற்ற நாடுகள் முதலில் அதையாவது காப்பியடிக்கட்டும்.