பஞ்சாயுதத்தின் பின்பக்கம்

(திருகோணமலை. கோட்டை வாசலுக்குப் போகும் தெருவில் ஒரு சின்ன நகைப்பட்டறை. பத்தர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கிறார். அப்பாவாகி ஒரு மாதம் ஆகாத தம்பி ஒருவர், செருப்பைக் கழற்றும்போதே பேசத் தொடங்குகிறார்.)

தம்பி: அண்ணை, வாற வெள்ளிக்கிழமை மகளுக்கு 31ஆம் நாள் சடங்கு. கழுத்தில் போடுகிற பஞ்சாயுதம் முடிந்ததா?

பத்தர்: முடிந்தது. இந்தா பார். சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு. அஞ்சும் துல்லியம். காப்புச் சோடிக்கும் மெருகு போட்டாயிற்று.

தம்பி: நல்ல வடிவு! பின்பக்கத்தில் பெயரை மட்டும் பொறித்துத் தந்தால் சரி.

பத்தர்: பெயர்தானே, ஒரு பிளேன்டி குடிக்கிற நேரம் போதும். சொல்லு.

தம்பி: வாயால் சொன்னால் பிழைத்துவிடும். எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

(சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுக்கிறார். விரிக்கிறார். இன்னும் விரிக்கிறார். கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தபோது தாளின் ஒரு முனை தெருப் பக்கமாகத் தொங்குகிறது.)

பத்தர்: பூந்திரைசூழ்கோணமாமலை... ஓம், இது விலாசம். பெயர் எங்கே?

தம்பி: அதுதான் அண்ணை பெயர். முழுக்க வாசியுங்கோ.

பத்தர்: பூந்திரைசூழ்கோணமாமலைமாதுமையருள்மொழிப்பொற்கொடி. (தண்ணீர்ச் செம்பை எடுக்கிறார்.) பிள்ளை எத்தனை கிலோ?

தம்பி: பிறக்கும்போது 2 கிலோ 900.

பத்தர்: பெயர் அதைவிடப் பாரம். யார் வைத்தது?

தம்பி: நான்தான். பிள்ளைக்கு அத்த நட்சத்திரம். ஐயர் குறித்துத் தந்த எழுத்து பூ, ஷ, ண, ட. ண-வில் சொல் தொடங்கத் தொல்காப்பியம் விடாது, ட-வும் அப்படித்தான். ஷ எங்கள் வீட்டு வாசல்படி ஏறாது. மிச்சம் பூ.

பத்தர்: அப்ப பூங்கோதை, பூமகள் என்று வைத்துவிட்டுப் போகலாமே.

தம்பி: அதில் கருத்து எங்கே இருக்கிறது? மாமனார் கடல் தொழில், அவருக்காகத் திரை. ஊருக்காகக் கோணமாமலை. கோயிலில் நேர்ந்து பிறந்த பிள்ளை, அம்பாளுக்காக மாதுமை. எனக்காக அருள்மொழி.

பத்தர்: உன் பெயர் அருள்மொழியா?

தம்பி: இல்லை, எனக்கு வைத்திருக்க வேண்டிய பெயர். கடைசியில் என்ட அம்மாவின் பெயர் தங்கம், அவவுக்காகப் பொற்கொடி.

பத்தர்: சம்பந்தரே ‘கோணமாமலை அமர்ந்தாரே’ என்று பாட்டை முடித்தவர். அந்த மலையை முழுசாகத் தூக்கி நீ ஒரு மாதக் குழந்தையின் தலையில் வைக்கிறாய். இராவணன்கூட மலையோடு மல்லுக்கு நிற்கும்போது வளர்ந்த ஆள் அப்பா. பெண்சாதி என்ன சொல்கிறா?

தம்பி: அவவுக்கு ‘ஷஷ்விகா’ என்று வைக்க வேணுமாம்.

பத்தர்: அதற்கு என்ன கருத்து?

தம்பி: நானும் அதைத்தான் கேட்டேன். கருத்துத் தெரியாது, கூப்பிட நல்லாக இருக்கும் என்கிறா. அண்ணை, அது பெயரா, தாளிக்கிற சத்தமா?

(பத்தர் பஞ்சாயுதத்தைத் திருப்பி, ஒற்றைக் கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு பார்க்கிறார்.)

பத்தர்: இங்கே பார் தம்பி. இது என் பெருவிரல் நகமளவு. முன்பக்கத்தில் மகாவிஷ்ணுவே தன் அஞ்சு ஆயுதத்தையும் ஒடுக்கி வைத்திருக்கிறார். பின்பக்கத்தில் நீ 24 எழுத்துக் கேட்கிறாய். அதில் அஞ்சு புள்ளி எழுத்து. இந்தளவில் புள்ளி வைத்தால் ஓட்டை விழும். ஓட்டை வழியே முன்னால் இருக்கிற சக்கரம் கழன்று வரும்.

தம்பி: எழுத்தைச் சின்னதாக வெட்டலாமே.

பத்தர்: வெட்டலாம். எழுத்துச் சின்னதாகச் சின்னதாகக் கூலி கூடும். மொழி-யில் வாற கொம்பும் காலும் தெரியும்தானே? அதை வெட்டுகிற நேரத்தில் எனக்கு இன்னொரு மோதிரம் முடிந்துவிடும். ஒன்று செய்வோம். அரைஞாண் கொடி ஒன்று செய். தகடு தகடாகக் கோத்து இடுப்பைச் சுற்றி எழுதித் தருகிறேன்.

தம்பி: அது நல்ல யோசனை!

பத்தர்: பெயர் கேட்கிறவருக்குப் பிள்ளையைத் தூக்கி ஒருமுறை சுற்றிக் காட்ட வேணும். எங்கே தொடங்குகிறது என்று தெரியாவிட்டால் இரண்டு முறை.

தம்பி: பகிடி விடாதீர்கள். நீளப் பெயர்க்காரர் வாழவில்லையா? வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ்! 2001 இல் கொழும்பில் சிம்பாப்வே 38 ஓட்டத்துக்குச் சுருண்டபோது 8 விக்கெட் அவருக்கு.

பத்தர்: சிம்பாப்வேயின் இன்னிங்ஸ் 16 ஓவரைக்கூடத் தாண்டவில்லை. வர்ணனை செய்தவர் விக்கெட்டுக்கு விக்கெட் முழுப் பெயரையும் சொல்லியிருந்தால் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

தம்பி: பாங்கொக் நகரத்தின் சடங்குப் பெயர் தெரியுமா? தாய் மொழியில் 168 எழுத்து!

பத்தர்: பாங்கொக் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போவதில்லை தம்பி. உன் பிள்ளை எழுத வேணும். மற்றப் பிள்ளைகள் இரண்டாம் கேள்வியில் நிற்க, இது பெயரெழுதி முடித்துக் கைவிரலை உதறிக்கொண்டு நிற்கும். பாஸ்போர்ட்டை யோசித்தாயா?

தம்பி: அதில் என்ன?

பத்தர்: என்ட மகன் கட்டாருக்குப் போனபோது பார்த்தனான். படம் இருக்கிற பக்கத்தின் அடியில் மெஷின் வாசிக்கிற இரண்டு வரி இருக்கும். வரிக்கு 44 கட்டம். அதில் பெயருக்கு 39. உன் மகளின் பெயரை இங்கிலீசில் எழுதிப் பார். (தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி எண்ணுகிறார். நேரம் எடுக்கிறது.) 52! 39 ஆவது கட்டத்தில் அருளோடு நிற்கும். மொழியும் பொற்கொடியும் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே தங்கிவிடும்.

தம்பி: பரவாயில்லை, மாதுமை ஏறிவிடுவா.

பத்தர்: எங்கே ஏறுகிறது? உன் பெயரும் அந்த 39 கட்டத்துக்குள்தான் வர வேணும். நீ ஏறினால் மாதுமைக்கு இடமில்லை.

(தம்பி சற்றுத் தளர்கிறார். ஆனால் பெயர் வைத்த அப்பன்மார் ஒரு தளர்வோடு விழுகிற ஆட்கள் அல்ல.)

தம்பி: சரி, குறைப்போம். எதை எடுக்கலாம், நீங்களே சொல்லுங்கோ. பூவை எடுத்தால் ஐயர் கோபிப்பார். திரையை எடுத்தால் மாமனார் மீன் தருவதை நிறுத்திவிடுவார். மாதுமையில் கை வைக்கப் பயம். பொற்கொடியை எடுக்கவே முடியாது, இந்தப் பஞ்சாயுதத்துக்குத் தோட்டை உருக்கத் தந்ததே அம்மாதான்.

பத்தர்: அருள்மொழி?

தம்பி: அது கருத்தான சொல் அண்ணை.

பத்தர்: விடு. எந்தப் பெயர் வைத்தாலும் வீட்டில் கூப்பிடப் போகிறது வேறு பெயர். இப்ப என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்?

தம்பி: (மெதுவாக) சூட்டி.

பத்தர்: பார்த்தாயா! எங்கள் சனத்துக்குப் பதிவுப் பெயர் இரண்டு தரம்தான் வெளியில் வரும். ஒன்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது. மற்றது மரண அறிவித்தலில். அதிலும் அடைப்புக்குறிக்குள் ‘சூட்டி’ என்று போட்டால்தான் செத்தவீட்டுக்கு ஆள் வரும்.

தம்பி: ஐயோ அண்ணை! 31க்குப் பஞ்சாயுதம் எடுக்க வந்தவனிடம் செத்தவீட்டுக் கதையா?

(இந்த நேரத்தில் ஒரு புள்ளிமான் வாசலுக்கு வருகிறது. கோட்டை மான்கள் டவுனுக்குள் உலாத்துவது இந்த ஊரில் ஒரு செய்தியே அல்ல. பழைய கடன்காரரைவிட உரிமையோடு கடைகளுக்குள் எட்டிப் பார்க்கும். தொங்கிய தாளின் முனையை முகர்கிறது. இழுக்கிறது. மெல்லுகிறது.)

தம்பி: ஏய்! ஏய்! சூ! அண்ணை, பெயர்! பெயரைத் தின்னுகிறது!

(பறித்த கையில் வந்தது ஒரு துண்டு. மான் மிச்சத்தோடு தெருவைக் கடக்கிறது.)

பத்தர்: என்ன மிஞ்சியது?

தம்பி: ...கொடி.

பத்தர்: மாதுமை வரை தின்றுவிட்டு, கொடியை மட்டும் விட்டுவிட்டுப் போகிற மானை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். சரி, பயப்படாதே, உனக்கு மனப்பாடம்தானே. சொல்லு, எழுதுகிறேன்.

தம்பி: பூந்திரைசூழ்... மாதுமை... இல்லை. பூங்கோணத்திரைமாமலை... பொறுங்கோ. பூமாதிரை...

பத்தர்: மூன்று சொன்னாய். மூன்றும் வேறு வேறு பிள்ளை.

தம்பி: வீட்டு அலுமாரிக் கதவில் ஒரு பிரதி ஒட்டியிருக்கிறேன். அவவிடம் கேட்கிறேன். (கைபேசியில்) ஹலோ, அலுமாரியில் இருக்கிற தாளை ஒருக்கால் வாசியும்... என்ன, இல்லையா? ஏன் கிழித்தனீர்?... எங்கே போயிட்டு வந்தனீங்கள்?... பதிவாளரிடமா? அதற்கு 42 நாள் தவணை இருக்குதே!... ஆர் கூட வந்தது?... அம்மாவா? என்ட அம்மாவா?

(கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.)

பத்தர்: பதிந்துவிட்டார்களா?

தம்பி: காலமையே ஆட்டோ பிடித்துப் போய் அலுவலை முடித்துவிட்டார்கள். ஷஷ்விகா.

பத்தர்: பொற்கொடிக்காக உன் அம்மா சண்டை பிடிக்கவில்லையா?

தம்பி: அவதான் முன்னுக்கு நின்றவவாம். நான் வைத்த பெயரில் இரண்டு இடத்தில் ழ வருகிறதாம், பல் கட்டின வாய்க்குச் சரிவராதாம். ஷ என்றால் காற்றை விட்டால் போதுமாம்.

பத்தர்: (உளியை எடுக்கிறார்) அப்ப நாலே நாலு எழுத்து. பெரிதாக, வடிவாக வெட்டித் தருகிறேன். பிளேன்டியை நீ குடி.

தம்பி: அண்ணை... அந்த ஷ இரண்டையும் கொஞ்சம் சின்னதாக வெட்டுவீர்களா? வாசிக்க ஏலாத மாதிரி?

பத்தர்: சின்னதென்றால் கூலி கூட.