500 பள்ளி: "கொடுத்தால்தான் என்ன?" என்பவர்களுக்கு

500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் தத்தெடுக்கப்போகின்றன என்று தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் கிளம்பிய விவகாரம் உங்களுக்கெல்லாம் தெரியும். "தாரை வார்க்கவில்லை, உதவிதான் பெறுகிறோம்" என்று அப்போதைய பள்ளிக் கல்வி அமைச்சர் சொல்லிவிட்டார். சரி, அது அவர் பாடு. எரிச்சல் அதில் இல்லை. "கொடுத்தால்தான் என்ன? அரசு பணம் தரட்டும், தனியார் நடத்தட்டும், பிள்ளைகளுக்கு நல்லதுதானே" என்று இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, அதில்தான்.

நல்லதுதான். பள்ளியை எடுக்கும் அந்தத் தனியார் நடத்துநர் எப்படி நடத்துவார், சொல்லுங்கள். மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கும், அதுதானே ஏற்பாடு? ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, 18 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் வேண்டும். தலைக்கு மாதம் 1,500 ரூபாய் என்று தாராளமாகவே வைப்போம். மொத்தம் 27,000. டீச்சருக்கு ஆளுக்கு 11,000 போனால் மிச்சம் 5,000. கரன்ட் பில், கழிப்பறை கழுவும் ஆள், சாக்பீஸ், ஒழுகும் கூரை, அதற்கு மேல் அவருடைய 'நிர்வாகச் செலவு', எல்லாம் அதற்குள். பிள்ளைகள் 36 ஆனாலும் அதே இரண்டு டீச்சர், அதே கூரைதான். வரவு மட்டும் இரட்டிப்பு. அப்படியானால் அவர் என்ன செய்வார்? ஒரு டீச்சரைக் குறைப்பார், அல்லது பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்ப்பார், அல்லது வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவார். ஆள் கெட்டவர் என்பதால் இல்லை, கணக்கு அப்படி.

பணம் கொடுப்பதற்கான தலைக்கணக்கை ஒரு தேதியில் எடுத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு வரும் பிள்ளைக்குப் பணம் இல்லை. நவம்பரில் செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை, டி.சி.யும் இல்லாமல் வாசலில் வந்து நிற்கும். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் முனகிக்கொண்டாவது சேர்த்துக்கொள்வார். அந்தப் பிள்ளைக்கு ஒரு பைசா வராத நடத்துநர்?

அப்புறம், 7.5 சதவீதம். 2020-இல் வந்த மருத்துவ இட ஒதுக்கீடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. தனியார் நடத்தி, அரசே சம்பளம் கொடுக்கும் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கே அது கிடையாது. நாளைக்கு மேல்நிலைப் பள்ளியையும் கொடுத்தால், அங்கே படிக்கும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் படித்ததாக எந்தச் சான்றிதழ்? யார் கையெழுத்து?

"பெற்றோர் கண்காணிப்பார்கள்" என்றார் ஒருவர். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு உதவிபெறும் பள்ளியில் அந்தக் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம். ஆலோசனை!

ஆப்பிரிக்க நாடான லைபீரியாவைக் காட்டுகிறார்கள். காட்டுங்கள். 2016-இல் 93 அரசுப் பள்ளிகளை எட்டு நடத்துநர்களிடம் கொடுத்தார்கள். முதல் ஆண்டில் மதிப்பெண் கூடியது, மறுக்கவில்லை. எப்படிக் கூடியது? வழக்கமான செலவுக்கு மேல் தலைக்கு 50 டாலர் கூடுதல் மானியம், அதற்கும் மேல் நன்கொடை. ஒரு பெரிய நிறுவனம் தன்னிடம் வந்த ஆசிரியர்களில் நான்கில் மூன்று பங்கை வெளியே அனுப்பியது. அவர்கள் எங்கே போனார்கள்? வேறு அரசுப் பள்ளிகளுக்கும் போனார்கள். வகுப்புக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பால் வெளியே நின்ற பிள்ளைகளும் உண்டு. இதே பணத்தை நம்ம பள்ளிக்கே கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

"உங்க வாத்தியார் பிள்ளைகளே தனியாரில்தானே படிக்குது?" ஆமாம், நிறைய பேர். வெட்கம்தான். அதற்கும் கட்டடத்தை இன்னொருவருக்கு எழுதிக்கொடுப்பதற்கும் என்ன சம்பந்தம்? மழைநாளில் கழிப்பறையில் தண்ணீர் அள்ளி ஊற்றுகிற வாத்தியார்களும் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் மீம்ஸில் வருவதில்லை.

'தத்து' என்ற வார்த்தை வேறு. பள்ளி என்ன, பெற்றோர் இல்லாமலா கிடக்கிறது?

உதவிதான் நோக்கமென்றால் பெஞ்ச் கொடுங்கள், பெயின்ட் அடியுங்கள், சுவரில் உங்கள் பெயரைக்கூட எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு 2022-இலிருந்தே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. சாவி எதற்கு?

பின்னூட்டத்தில் திட்டுங்கள், பரவாயில்லை. திட்டுவதற்கு முன் அந்த 7.5-க்கு மட்டும் பதில் எழுதிவிட்டுத் திட்டுங்கள். மூன்று தடவை கேட்டாயிற்று, சிரிக்கிற பொம்மைதான் வருகிறது.