பக்கவாத்தியம் யாரு?

மருமகன்: மாமா, ராத்திரி ஏழு மணிக்கு எங்கேயும் போய்விடாதீங்க. எழுத்தாளர் ஒருவர் வாசிக்கிறார், வீடியோவில், நேரலை.

மாமா: எழுத்து வேலையும் பார்த்துக்கொண்டு வாசிக்கவும் செய்கிறாரா? பரவாயில்லையே. நாயனமா, புல்லாங்குழலா?

மருமகன்: நாவல் மாமா.

மாமா: அது எந்த ஊர் வாத்தியம்? புளியரை எல்லையைத் தாண்டினால் மலையாளத்தான் செண்டை, இலத்தாளம், கொம்பு, குறுங்குழல் என்று என்னென்னவோ வைத்திருக்கிறான். ஆரியங்காவிலும் அச்சன்கோவிலிலும் நாற்பது வருஷமாகத் தவில் வாசிக்கிறேன், நாவல் என்று ஒன்றைக் கண்டதில்லையே.

மருமகன்: புத்தகம் மாமா! அவர் எழுதின புத்தகத்தை அவரே வாசிக்கிறார்.

மாமா: படிக்கிறார் என்று சொல்லுலே. தவில்காரன் வீட்டு வாசலில் நின்று வாசிக்கிறார் என்றால் நான் என்னத்தை நினைப்பேன்? சரி, பக்கவாத்தியம் யாரு?

மருமகன்: அதெல்லாம் கிடையாது. வரவேற்புரை நான். அறிமுகவுரை ஒருவர். அவரை அறிமுகம் செய்ய ஒருவர். அப்புறம் மூன்று பேர் கலந்துரையாடல்.

மாமா: ஆக மொத்தம் ஆறு பக்கவாத்தியம். அவர் எவ்வளவு நேரம்?

மருமகன்: பத்து நிமிஷம்.

மாமா: பத்து நிமிஷமா! சாமி புறப்பாட்டில் வாசிக்கிற மல்லாரியே அதைவிட நீளமடா.

மருமகன்: கிண்டல் செய்யாதீங்க மாமா. அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகம் என்று அவர்கள் நாடாளுமன்றத்து நூலகம் இருக்கு தெரியுமா? அவர்களுடைய தில்லி அலுவலகம் 2000-லேயே இந்த வேலையை ஆரம்பித்துவிட்டது. தெற்காசிய எழுத்தாளர்களைக் கூப்பிட்டு, அவரவர் மொழியில் அவரவர் குரலில் வாசிக்கவைத்துப் பதிவுசெய்தார்கள். தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு.

மாமா: வீடியோவா?

மருமகன்: இல்லை, குரல் மட்டும்.

மாமா: பக்கவாத்தியம்?

மருமகன்: ...இல்லை.

மாமா: அமெரிக்காக்காரனுக்கு விவரம் தெரிந்திருக்கு.

மருமகன்: அங்கே ஏன் போகணும்? கோழிக்கோட்டில் 2016-ல் இலக்கிய விழா தொடங்கினார்கள், கடற்கரையிலேயே. அங்கே பேசினதெல்லாம் யூடியூபில் கிடக்கு. நாம மட்டும் மலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கொட்டாவி விடவா?

மாமா: 1956 நவம்பரில் செங்கோட்டையைத் திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டில் சேர்த்தது உன் வரவேற்புரைக்காகத்தான் போல. சரி, போனை இப்படித் தூணில் சாய்த்து வைத்துவிட்டுப் போ. எனக்குக் கை ஒழியாது, நாளைக்குத் திருவிழா.

(கை ஒழியாதுதான். தவில் வாசிக்க வலது கையின் ஐந்து விரலுக்கும் துணிப்பட்டையைச் சுற்றிச் சுற்றி மைதாப் பசை தடவிக் கூடு கட்டிக்கொண்டிருந்தார். காய்கிற வரை விரலை மடக்கக் கூடாது. சுற்றுகிற இடது கையோ மணிக்கட்டு வரை பசை.)

(ராத்திரி ஒன்பது மணி.)

மருமகன்: எப்படி மாமா இருந்தது?

மாமா: முதல் கால் மணி நேரம் ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்றீர்கள். சரி, சுருதி சேர்க்கிறார்கள் என்று பொறுத்துக்கொண்டேன். அப்புறம் உன் வரவேற்புரை, அதில் அவர் பெயரைவிட உன் பெயர் கூட வந்தது. அடுத்து ஒரு கண்ணாடிக்காரர், பின்னால் அலமாரி நிறையப் புத்தகம், ‘நான் இந்த நாவலை இன்னும் முழுதாக வாசிக்கவில்லை, ஆனாலும்’ என்று எடுத்தார் பாரு, இருபத்தைந்து நிமிஷம், தாளம் தெரியாதவன் தனி ஆவர்த்தனம் எடுத்த மாதிரி எங்கே ஆரம்பித்தார், எங்கே விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. நடுவில் யாரோ வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்தது. அது ஒன்றுதான் காலத்தில் விழுந்தது.

மருமகன்: அவ்வளவு கஷ்டமென்றால் அணைத்திருக்கலாமே.

மாமா: எதை வைத்து அணைக்க? குனிந்து ரெண்டு தடவை மூக்கால் தள்ளிப் பார்த்தேன். திரையில் சிவப்பாக இதயம் ஒன்று மேலே பறந்து போனது.

மருமகன்: ஐயோ, அந்த இதயம் நீங்க விட்டதா? அதைப் பார்த்துத்தானே அவர் ‘ஒரு வாசகர் ரசிக்கிறார்’ என்று இன்னும் பத்து நிமிஷம் இழுத்தார்!

(இந்த இடத்தில் நான் மருமகனுக்காக ஒரு வார்த்தை பேசலாம். நானும் இப்படி ஒரு கூட்டத்தில் நன்றியுரை சொன்னவன் என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.)

மாமா: அது கிடக்கட்டும். அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?

மருமகன்: யாருக்கு?

மாமா: வாசித்தவருக்கு.

மருமகன்: வீடியோதானே மாமா. வீட்டில் உட்கார்ந்துதானே பேசினார். வாட்ஸ்அப்பில் சான்றிதழ் அனுப்பிவிடுவோம்.

மாமா: ஏலே, ஒரு மணி நேரம் தவில் அடிக்க எனக்குச் சம்பளம், பஸ் காசு, சாப்பாடு, வெற்றிலை பாக்கு. குறைந்தால் அடுத்த வருஷம் போக மாட்டேன். அந்த மனுஷன் வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதினதை ஓசியில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு நீங்கள் ஆறு பேரும் பேசியிருக்கிறீர்கள். புத்தகமாவது ஆளுக்கு ஒன்று வாங்கினீர்களா?

மருமகன்: பிடிஎஃப் இருக்கு மாமா.

(மாமா பதில் சொல்லவில்லை. காய்ந்த கூட்டை விரலிலிருந்து கழற்றாமலே திண்ணையில் ஒரு தட்டு தட்டினார். தெருநாய் எழுந்து நகர்ந்து படுத்தது.)

மாமா: சரி, அந்த ஆட்டுக்குட்டி என்ன ஆச்சு?

மருமகன்: எந்த ஆட்டுக்குட்டி?

மாமா: அவர் வாசித்தாரே! கிழவி ஒருத்தி முந்தானைக்குள் குட்டியை ஒளித்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறாள், செக்போஸ்டில் போலீஸ்காரன் ஏறுகிறான், குட்டி கத்த வாயைத் திறக்கிறது. அந்த இடத்தில் போன் அறுந்துபோச்சு.

மருமகன்: காசு கட்டாத கணக்கு மாமா, நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை அறும். திரும்ப உள்ளே வந்தோமே.

மாமா: வந்தீர்கள், நேரே கலந்துரையாடலுக்கு. குட்டி அங்கேயே நிற்கிறது.

மருமகன்: நான் அப்போது நன்றியுரை எழுதிக்கொண்டிருந்தேன். மற்றவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

மாமா: அவர்களுக்கு எங்கே தெரியும்? அவருக்கே போன் போடு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீ உள்ளே போ.