பாயின்ட் ராபர்ட்ஸ் தீவு அல்ல

"கனடாவை ஒட்டி அமெரிக்காவுக்கு ஒரு குட்டித் தீவு இருக்கிறது, படகில்தான் போக முடியும்" என்று பாயின்ட் ராபர்ட்ஸ் பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது. ஊர் உண்மை, தீவு என்பது பொய்.

அது ஒரு தீபகற்பத்தின் தென்முனை. மூன்று பக்கம் கடல், வடக்கே கனடாவின் சவாசன் பகுதியோடு ஒட்டிய நிலம். 1846-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் 49-வது அட்சரேகையை மேற்கே கடல்வரை எல்லையாக்கின. கோடு தீபகற்பத்தின் குறுக்கே விழுந்ததால், அதற்குத் தெற்கே இருந்த சுமார் 13 சதுர கிலோமீட்டர் துண்டு அமெரிக்காவுக்குப் போனது. தனி நகராட்சி கிடையாது. வாஷிங்டன் மாநிலத்தின் வாட்கம் கவுன்டி நிர்வாகத்தில் இருக்கிறது.

சரி, படகு? 2020-இல் கொரோனாவால் எல்லை மூடப்பட்டபோது வாஷிங்டன் மாநில நகரமான பெல்லிங்ஹாமுக்குத் தற்காலிகப் படகு விட்டார்கள், அவ்வளவுதான். மற்றபடி அதே மாநிலத்தின் எல்லையோர ஊரான பிளெய்னிலிருந்து கனடா வழியாகக் காரிலேயே போகலாம், ஏறத்தாழ 40 கிலோமீட்டர். என்ன, சொந்த நாட்டுக்குள் போக இரண்டு முறை எல்லைச் சோதனை!